மடி மாறிய பிள்ளை

அன்று எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கரியாகோவில் சாயங்காலம் நாலு மணிக்கு, கோங்கோ லம்போட்டோ போகும் தலதலா மினி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறெந்த நல்லதையும் எதிர்பார்க்கக் கூடாது. காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே ஐந்து பெண்களுக்குத் தலை பின்னியிருந்தேன். விரல்களில் உணர்வே இல்லை. நான் இறங்க வேண்டிய புகுருனி வரும்வரை கண்ணை மூடிக்கொள்வது என்று முடிவு செய்து, கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டுச் சாய்ந்தேன்.

உடனே ஜன்னல் வழியாக ஒரு பிள்ளை உள்ளே வந்தது.

முதலில் இரண்டு கால்கள், பிறகு ஒரு பாவாடை, பிறகு தலை. வெளியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க!" அவ்வளவுதான். பிடித்துக்கொள்வீர்களா என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. உட்கார இடம் கிடைத்தவர் மடி கொடுக்க வேண்டும், மடியில் இருக்கும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, இதெல்லாம் எழுதாத சட்டம். நானும் என் அம்மாவின் கையிலிருந்து எத்தனையோ பேர் மடிக்குப் போனவள்தான். ஆனால் அதைக் களைத்துப்போன நேரத்தில் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பெண் பிள்ளை. நாலு வயது இருக்கும். ஒரு பக்கம் பின்னலை யாரோ பிரித்து விட்டிருந்தார்கள், மறுபக்கம் அப்படியே இருந்தது. கை நிறைய உபுயு மிட்டாய். சிவப்புச் சாயம் வாயெல்லாம், விரலெல்லாம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே அந்த விரல்களை என் வெள்ளைச் சட்டையில் நன்றாகத் துடைத்தது. நான் முறைத்தேன். அது என் முறைப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு கையையும் துடைத்தது.

இதற்கு ஒரு அண்ணன் வேறு. ஏழு வயது. அவன் உள்ளே வரவே இல்லை. வாசற்படியில் கண்டக்டருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு நின்றான். எங்கள் வண்டிகளில் மணி கிடையாது. கண்டக்டர் வண்டியின் தகரத்தில் கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் கிளப்ப வேண்டும். இந்தப் பையன் அதை ஒரே நிறுத்தத்தில் கற்றுக்கொண்டுவிட்டான். அடுத்த நிறுத்தமான கருமேயில் ஒரு பருத்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்திருக்கும்போதே 'டப் டப்' என்று தட்டினான். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்த அம்மாள் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கூட வந்தாள்.

"டேய்! என் வேலையை நீ பார்த்தா என் சம்பளத்தை யாருடா வாங்குவா?" என்று கண்டக்டர் கத்தினான்.

"நான் வாங்குவேன்!" என்றான் பையன். வண்டியே சிரித்தது, அந்த அம்மாளைத் தவிர.

சரி, இவர்களுடைய அம்மா எங்கே? கூட்டத்துக்குள் தேடிப் பார்த்தேன். நடு வழியில், ஐந்தாறு தலைகளுக்குப் பின்னால், மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மஞ்சள் கங்கா துணியை இடுப்பில் சுற்றியிருந்தாள். போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா சிரிப்பில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு கொஞ்சல் சிரிப்பு. பிள்ளைகள் ஊரை விற்றாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை.

எனக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு கல்யாணம் ஆயிற்று, இரண்டிலும் இல்லை. அதனாலேயே பிள்ளை வளர்ப்பது எப்படி என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அன்றும் தெரிந்தது.

"ஏங்க, இந்தப் பிள்ளைங்களோட அம்மா வண்டியில ஏறினாங்களா, இல்ல அவங்க போன் மட்டும் ஏறிச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

சிரிப்பு எழுந்தது. அவள் என் பக்கம் திரும்பி, "கொஞ்ச நேரம் அக்கா, ஒரே ஒரு நிமிஷம்," என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் போனுக்குள் போய்விட்டாள். ஒரு நிமிடம் பத்து நிமிடமாயிற்று. மடியில் இருந்தது என் காதணியைப் பிடித்து இழுத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரின் தொப்பியை எட்டி எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியது. நான் பாய்ந்து பிடுங்கிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதாம்மா?" என்றார். என்னைப் பார்த்து!

அதற்கு மேல் என் வாய்க்கு நான் பொறுப்பில்லை.

"பெத்துப் போடத் தெரியுது, பார்த்துக்கத் துப்பில்ல. எவனோடயோ கொஞ்சிக்கிட்டு நிக்கிறா பாருங்க. அம்மாவாம் அம்மா! கேட்டுக் கேட்டு அழறவளுக்குக் கடவுள் கொடுக்க மாட்டான். இந்த மாதிரி ஒருத்திக்குத்தான் ரெண்டு ரெண்டா அள்ளிக் கொடுப்பான்."

நான் சொன்னது எனக்கே சற்று அதிகமாகத்தான் பட்டது. ஆனால் விட்ட வார்த்தையை எப்படி எடுப்பது? முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன்.

புகுருனி வந்தது. இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. மடி கொடுத்தவர் இறங்கும்போது பிள்ளையை அடுத்த மடிக்குக் கை மாற்றிவிட்டு, "அம்மா, பிள்ளை இங்கே இருக்கு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். நான் குரல் கொடுக்கவில்லை. கோபம். தேடட்டுமே, ஒரு நிமிடமாவது போனை விட்டுவிட்டுத் தேடட்டுமே என்று பிள்ளையை என் இடத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தரையில் நின்று சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை ஜன்னலில் தொங்கி வீறிட்டு அழுதது. கீழே இறங்கி நின்ற கண்டக்டர் பார்த்தான். அவனும் பாவம், என்ன பார்த்திருப்பான்? இவ்வளவு நேரம் என் மடியில் இருந்த பிள்ளை, இப்போது நான் கீழே, பிள்ளை மேலே.

"அம்மா! பிள்ளையை விட்டுட்டுப் போறீங்களே! நல்ல அம்மா போங்க!" என்று அவன் ஜன்னலுக்குள் கையை விட்டு, அதை அலாக்காகத் தூக்கி என் கையில் திணித்தான்.

"ஏய், இது என்..."

டப் டப்.

அந்தப் பையன்தான். வாசலில் நின்றவன் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கண்டக்டர் இல்லாத சந்தோஷத்தில் தட்டிவிட்டான். வண்டி நகர்ந்தது. கண்டக்டர் "டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டே ஓடிப் படியில் தாவினான். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதினைந்து அடி. அதற்குள் இரண்டு லாரிகள் நடுவில் புகுந்துவிட்டன. மஞ்சள் கங்காக்காரி உள்ளே எங்கோ சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பிள்ளை என் மார்பில் இரண்டு கையாலும் குத்தியது. "நீ என் அம்மா இல்ல! விடு! நீ என் அம்மா இல்ல!"

புகுருனிச் சந்தை வாசலில் அந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். அத்தனை தலைகளும் திரும்பின. அந்த மாதம் ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் பேச்சாக இருந்தது. யார் பிடித்தார்கள், யார் பிள்ளை போனது என்று எவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் பேசினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் நாலைந்து பேர் தங்கள் வண்டிகளிலிருந்து இறங்கினார்கள். அதில் பச்சைச் சட்டை போட்டவன் என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, இது உங்க பிள்ளையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"என் பிள்ளை இல்லாம உன் பிள்ளையா? கேக்க வந்துட்டான்! மிட்டாய் வாங்கித் தரலன்னு ஊரைக் கூட்டுது, நீ வேற!"

அவன் சிரித்து ஒதுங்கிக்கொண்டான். நான் சொன்ன பொய் அவ்வளவு சுலபமாக வேலை செய்தது.

நான் அங்கிருந்து நகர்ந்தால் அவள் திரும்பி வந்து எங்கே தேடுவாள்? போலீஸ் நிலையத்துக்குப் போனால் அடுத்தவள் பிள்ளையோடு எதற்கு வந்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கேயே இருப்போம் என்று, ஆரஞ்சு உரித்து விற்கிற ஒரு பெண்மணியின் பலகையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை என்னைக் கடித்தது. நான் அதைத் திருப்பி என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தரையில் உட்கார வைத்து, பையிலிருந்து சீப்பை எடுத்தேன். பின்னல்காரியின் முழங்காலுக்கு நடுவே அடங்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரிந்து கிடந்த பக்கத்தில் எண்ணெய் தொட்டு வகிடு எடுத்தேன். இரண்டு விசும்பல். மூன்றாவது பாதியில் நின்றது.

"உன் பேர் என்ன?"

"பிலி."

"அம்மா பேரு?"

"அம்மா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீடு எங்க இருக்கு?"

"பூனை இருக்குல்ல, அங்க."

பெரிய உதவி. "அப்பா எங்க?" என்று கேட்டேன்.

"போன்ல."

"போன்லயேவா இருக்கார்?"

"இல்ல, கப்பல்ல. கப்பல்ல சோறு ஆக்குவார். கரை வந்தாதான் போன்ல வருவார். நிறைய நிறைய நாள் தூங்கி எழுந்தா வருவார்."

என் கை நின்றுவிட்டது. "இன்னிக்கு வந்தது அப்பாவா?"

"ம். முதல்ல அம்மா பேசுவாங்க, அப்புறம் அண்ணன், அப்புறம் நான். எப்பவும் என் முறை வர்றதுக்குள்ள கட்டாயிடும்." அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. "அம்மா மேல எனக்குக் கோவம்."

அவள் சிரித்த சிரிப்பு என் நினைவுக்கு வந்தது. எவனோடயோ என்று நான் சொன்னதும் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த பின்னலைத் தொடங்கினேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. தலதலாக்கள் வந்தன, போயின, அவள் வரவில்லை. ஆரஞ்சுக்காரப் பெண்மணி ஒரு பழத்தை உரித்து பிலியின் கையில் கொடுத்தாள். "பிள்ளை அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கு. அதே முன்கோபம்," என்றாள்.

"எங்க குடும்பத்துலயே அப்படித்தான்," என்றேன் நான்.

சொல்லத் தேவையில்லாத பொய். ஆனாலும் சொன்னேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிலி கொட்டையைத் துப்பத் தன் கையை நீட்டாமல் என் கையை இழுத்து அதில் துப்பியபோது அதுவும் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தால் போதும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை உடனே விரட்டினேன் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

அவள் வந்தாள். வண்டியில் இல்லை, ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கங்கா அவிழ்ந்து தெருவில் இழுபட, ஒரு கையால் அதையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி சந்தை வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிலியைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டாள். அது பெயரும் இல்லை, அழுகையும் இல்லை. நேரே பாய்ந்து வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பச்சைச் சட்டைக்காரன் அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினான். "ஏய்! யாரு நீ? பட்டப்பகல்ல பிள்ளையைப் பிடுங்கறே?"

"என் பிள்ளை! விடு, அது என் பிள்ளை!"

"உன் பிள்ளையா? அவங்க அம்மா அரை மணி நேரமா தலை பின்னிக்கிட்டு உக்காந்திருக்காங்க, உன் பிள்ளையாம்! பிடிங்கடா இவளை!"

கூட்டம் சேர எவ்வளவு நேரமாகும்? ஆரஞ்சு வாங்க வந்தவர்கள், வண்டிக்குக் காத்திருந்தவர்கள், எதற்கென்றே தெரியாதவர்கள். "பிள்ளை பிடிக்கிறவ!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினான். அந்தச் சொல் விழுந்தவுடன் எல்லாம் மாறிவிட்டது. ஒருவன் அவள் போனைப் பிடுங்கினான். ஒருவன் கீழே குனிந்து கல் எடுத்தான். அவள் என்னைப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. அவள் கண்ணில் அப்போது இருந்தது கோபமில்லை, கெஞ்சல்.

பச்சைச் சட்டைக்காரன் நியாயவான். கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, பிலியின் முன்னால் மண்டியிட்டான். "பாப்பா, பயப்படாத. சொல்லு, உங்க அம்மா யாரு?"

பிலி தன் அம்மாவைப் பார்த்தது. யாரோ ஒருவன் கையில் இருந்த போனைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு ஆரஞ்சுச் சாறு வழிகிற விரலை நீட்டி என்னைக் காட்டியது.

"இவங்க."

ஒரு நொடி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நொடிக்கு நான் இன்னும் கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று வருடத்தில் என்னைக் காட்டி அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அது காதில் இறங்கி முடிகிறவரை என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அதற்குள் யாரோ அவள் முதுகில் ஒரு அடி போட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

"விடுங்கடா அவளை!" என்று எழுந்தேன். "அவதான் அம்மா! நான் இல்ல. நான் பொய் சொன்னேன்!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்போ நீங்க யாரு?" என்றான் பச்சைச் சட்டைக்காரன். அம்மா என்று கூப்பிடவில்லை.

சொன்னேன். ஜன்னல் வழியாக வந்த பிள்ளை, நான் இறங்கியது, கண்டக்டர் தூக்கிக் கொடுத்தது, பையன் தகரத்தில் தட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. வண்டியைக் கிளப்பியது ஏழு வயதுப் பையனாம்! யார் நம்புவார்கள்?

"என் பலகையிலயே உக்காந்துகிட்டு, எங்க குடும்பமே அப்படின்னு சொன்னாளே!" என்று ஆரஞ்சுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "நான்கூட நம்பிட்டேனே! பழம் வேற உரிச்சுக் கொடுத்தேனே!"

"அடுத்தவ பிள்ளைக்கு எதுக்குத் தலை பின்னினே? அடையாளத்தை மாத்தத்தானே?" என்று ஒருவன் கேட்டான். என் பையை யாரோ பிடுங்கிக் கவிழ்த்தார்கள். சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் பொய்முடிக் கட்டுகளும் மண்ணில் விழுந்தன. அந்த முடிக் கட்டுகளைப் பார்த்ததும் ஒரு பெண் வீறிட்டாள். கையில் கல் வைத்திருந்தவன் இப்போது என் பக்கம் வந்தான். என் தலைத்துணியை யாரோ இழுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க அக்காவை விடுங்கடா!"

அவள் குரல். பிலியை ஒரு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கும் அந்தக் கல்காரனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க சொந்த அக்கா இவங்க. நான்தான் பிள்ளையை மடியில வச்சேன். வண்டியில எங்களுக்குள்ள சண்டை. போனே கதின்னு இருக்கியேன்னு திட்டினாங்க, நானும் மதிக்கல. கோவிச்சுக்கிட்டுப் பிள்ளையோட இறங்கிட்டாங்க. போதுமா? எங்க வீட்டுச் சண்டை, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அப்போ முதல்ல ஏன் அம்மான்னு சொன்னாங்க?" என்றான் பச்சைச் சட்டைக்காரன்.

"பெரியம்மான்னா அம்மா இல்லியா? உங்க ஊர்ல எப்படி?"

அம்மாவின் அக்காவை நாங்கள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் அம்மாதான். கூட்டம் ஏமாந்த முகத்தோடு கலைந்தது. கல் எடுத்தவன் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பச்சைச் சட்டைக்காரன் போனை வாங்கித் திருப்பிக் கொடுத்தான். ஆரஞ்சுக்காரி மட்டும், "சொந்தக்காரங்கன்னா சொல்லிட்டுச் சண்டை போடறது," என்று முணுமுணுத்துக்கொண்டே என் சீப்பை எடுத்துத் துடைத்துத் தந்தாள்.

பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிலியை அவள் பிடித்திருந்த பிடியில் பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும். ஆனாலும் அது முனகவில்லை, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வண்டியில நான் பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு. போன் ஒரு காதுலதானே இருந்துச்சு. இன்னொரு காதுல நீங்கதான் இருந்தீங்க."

"அப்புறம் ஏன் என்னை அக்கான்னு சொன்னே?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவன் கையில கல்லு இருந்துச்சு அக்கா. வேற என்ன சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அடிபட்டதற்காக இல்லை. இவளைத்தான் நான் தாயில்லை என்று ஒரு வண்டி நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஏதோ குறைகிறதே என்று பட்டது.

"பெரியவன் எங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "டாஸாரா நிறுத்தத்துல. பிலி இல்லன்னு அங்கதான் தெரிஞ்சுது, புகுருனியில இறக்கிவிட்டதாக் கண்டக்டர் சொன்னான். அவனும் கூட ஓடி வந்தா வண்டியில அடிபட்டுருவான்னு, வேர்க்கடலை விக்கிற ஒரு அம்மாகிட்ட பிடிச்சுக்கச் சொல்லிட்டு ஓடி வந்தேன்."

"யாரு அந்த அம்மா?"

"தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். தெரியாத ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வருவாளா ஒருத்தி என்று கேட்கத்தான் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"பஜாஜி!" என்று கத்தி, தெருவில் போன ஒரு ஆட்டோவின் குறுக்கே விழாத குறையாக நின்று நிறுத்தினேன்.

பாதி வழியில்தான் அவள் பெயரைக் கேட்டேன். சௌசிகு என்றாள். என் பெயர் சிகுதானி என்றேன். "அக்கா தங்கச்சி பேரைத் தெரிஞ்சுக்க இவ்வளவு நாளா?" என்று அந்த நிலையிலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஓட்டுகிறவன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

டாஸாரா சந்திப்பில் இறங்கியதும் கடலைக்காரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் குரல் சாலையின் இந்தப் பக்கமே கேட்டது. குட்டையான, வலுவான பெண். ஒரு கையால் கடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள், மறு கையில் பையனின் சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்திருந்தாள். பையன் அசையாமல் நின்றான். வண்டியை ஆட்டி வைத்த அந்தக் கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிலியைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"நான்தாம்மா தட்டினேன்," என்றான். "நான்தான் தட்டினேன்."

சௌசிகு அவனையும் சேர்த்து அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் கடலைக்காரிக்குத் திட்டுவதற்கு நான்தான் கிடைத்தேன்.

"வந்துட்டீங்களா மகராசிங்க! இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஒண்ணை அங்க விட்டுட்டு, ஒண்ணை இங்க விட்டுட்டு, நல்லா இருக்கு உங்க பிள்ளை வளக்குற லட்சணம்! அவ சின்னவ, விடு. உனக்கு வயசாகல? நீயாவது பார்த்துக்க வேண்டாம்? என்ன தாயி நீ? இவன் ஒரு மணி நேரமா அழுது அழுது தொண்டை கட்டிப் போச்சு. என் வியாபாரமும் போச்சு!"

சௌசிகு தலையை நிமிர்த்தினாள். "இல்லம்மா, இவங்க வந்து..." என்று தொடங்கினாள்.

நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன்.

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கோங்க," என்றேன்.

"மன்னிச்சுட்டா ஆச்சா? வண்டியில ஏறினா கண்ணு பிள்ளை மேல இருக்கணும். வாய் மேல இல்ல. உன்னைப் பார்த்தாலே தெரியுது, நீ வாயாடி. பேசிக்கிட்டே வந்திருப்பே."

"ஆமாம்மா. பேசிக்கிட்டேதான் வந்தேன்."

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்பது திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டாள். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது.